விக்கியம்மா

விக்கியம்மா என்ற பேரைக் கேட்டாலே அனுசுயாவுக்கு அடிவயிற்றிலிருந்து எரிந்துகொண்டு வந்தது. கேட்காமல் இருக்கவும் வழியில்லை. புருஷன் வேல்பாண்டி, மகள் கீர்த்தியை மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து ஆத்தங்குடி வீட்டுக்குக் கூட்டிவந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் அந்தப் பேர் வீட்டில் உப்பு புளி மாதிரி புழங்க ஆரம்பித்துவிட்டது.

"முட்டைய இன்னுங் கொஞ்சம் வேக விடு. மஞ்சக்கரு கெட்டியாகணும்னு விக்கியம்மா சொல்லுவாக."

"வாழப்பழத்தக் கழுவிட்டு உரி. விக்கியம்மாதான் எனக்கே சொல்லிக் குடுத்தாக."

"துண்ட அங்குட்டுப் போடாத அனு. பிள்ள துண்டு தனியா இருக்கட்டும். விக்கியம்மா..."

"நான் பெத்த பிள்ளைக்கு எந்தத் துண்டப் போடணும்னு சாத்தூர்ல இருந்து ஒருத்தி சொல்லணுமாக்கும்" என்றாள் அனுசுயா. வேல்பாண்டி அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் துண்டை எடுத்து வெந்நீரில் முக்கினான்.

கீர்த்திக்கு ஏழு வயது. பங்குனியில் விடாத காய்ச்சல் என்று காரைக்குடியில் காட்டப் போக, ரத்தத்தில் புற்று என்று மதுரைக்கு அனுப்பிவிட்டார்கள். அப்போது சின்னவன் பிறந்து ஒரு மாதம். வார்டுக்குள் கைக்குழந்தைக்கு இடமில்லை, பிள்ளையோடு ஒரு ஆள்தான் இருக்கலாம் என்றார்கள். பால் குடிக்கிற பிள்ளையை விட்டுவிட்டு அனுசுயா எப்படிப் போவாள்? வேல்பாண்டி போனான். இப்போது ஆவணி. ஐந்து மாதம் புருஷன் அங்கே, பெண்டாட்டி இங்கே. அடுத்த மருந்துக்கு முன்னால் பத்துப் பதினைந்து நாள் வீட்டில் இருக்கலாம் என்று அனுப்பியிருந்தார்கள்.

வேல்பாண்டி கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போகிறவன். கந்தரப்பமும் சீயமும் அவன் கைக்கு அப்படிப் பொங்கி வரும் என்று சுற்றுவட்டாரத்தில் பேர். ஊரார் கல்யாணத்தில் பொங்கி என்ன, கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் பெண்டாட்டிக்கு என்று ஒரு கரண்டி ரசம் வைத்தவன் இல்லை. "ஊரான் வீட்டு அடுப்புல வெந்தது போதும்த்தா" என்று காலை நீட்டிவிடுவான். பிரசவ நேரத்தில்கூட அவள்தான் உலை வைத்தாள்.

அப்படிப்பட்டவன் மதுரையில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துச் சத்திரத்தில், பொது அடுப்பில், மூன்று வேளையும் சமைத்திருக்கிறான். கீர்த்தி ஒரு வாய் சோற்றை ஒதுக்கிவைத்துவிட்டுச் சொன்னாள்.

"இது அப்பா ரசம் மாதிரி இல்லம்மா."

"அப்பா ரசம் எப்படி இருக்கும்?"

"நல்லாருக்கும். விக்கிக்கும் அப்பா ரசம்தான் பிடிக்கும். விக்கியம்மா அரிசி கழுவித் தருவாக, அப்பா சமைப்பாரு. நாலு பேரும் ஒண்ணாச் சாப்பிடுவோம்."

நாலு பேர். புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள் என்று தன் வீட்டிலும் நாலு பேர்தானே என்று அனுசுயா நினைத்துக்கொண்டாள்.

விக்கியம்மாவின் சொந்தப் பேர் அக்கம்மாள், ஊர் சாத்தூர். அவள் மகன் விக்கிக்கும் அதே நோய். புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறானாம், வந்து போவது அபூர்வமாம். வார்டில் பெற்றவர்களுக்குச் சொந்தப் பேர் கிடையாது. கட்டிலில் கிடக்கிற பிள்ளையின் பேரோடு அம்மா, அப்பா சேர்த்துக் கூப்பிடுவதுதான் வழக்கம். அந்த வழக்கப்படி அவள் வேல்பாண்டியைக் கூப்பிட்டது 'கீர்த்தியப்பா.'

அங்கேதான் அனுசுயாவுக்குப் பற்றிக்கொண்டது. புருஷன் பேரைச் சொல்லாத ஊர் இது. கல்யாணமான புதிதில் 'ஏங்க', 'இந்தாங்க' என்று காற்றைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவளுக்கு, கீர்த்தி பிறந்த பிறகுதான் 'கீர்த்தியப்பா' என்று ஒரு சொல் கிடைத்தது. பிள்ளை பெற்று வாங்கிய சொல். அதை எவளோ ஒருத்தி அஞ்சு மாதமாக எடுத்துப் புழங்கியிருக்கிறாள்.

அதற்கும் முன்னால் ஒரு போட்டோ. மருந்து ஏற ஏறக் கீர்த்திக்கு முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியதும், மொட்டையடித்துவிட்டதாக வேல்பாண்டி போனில் படம் அனுப்பியிருந்தான். முதல் மொட்டைக்குத் தாய்மாமன் செம்மலை மடியில் உட்கார்ந்த பிள்ளை, இப்போது முகம் தெரியாத ஒரு பொம்பிளையின் மடியில் உட்கார்ந்து அவள் புடவையைப் பிடித்துக்கொண்டிருந்தது. மடிக்கு மேலே அந்தப் பொம்பிளையின் முகம் படத்தில் விழவில்லை. விழாத முகத்தை அனுசுயா தன் இஷ்டத்துக்கு வரைந்துகொண்டாள். சிவப்பு நிறம், எடுத்துக் கட்டின கொண்டை, சிரித்தால் குழி விழும் கன்னம்.

அனுசுயா டைல்ஸ் பட்டறையில் வேலை பார்த்தாள். வீட்டில் யாராவது ஒருவர் சம்பாதிக்க வேண்டுமே. சின்னவனை மாமியார் பொன்னுத்தாயி பார்த்துக்கொள்வாள், நேரத்துக்கு ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவாள். ஆண்கள் கண்ணாடியின்மேல் சட்டத்தை வைத்துச் சாயம் ஊற்றி, சிமெண்டு மணல் கொட்டி அழுத்திக் கொடுப்பார்கள். தண்ணீர்த் தொட்டியில் ஊறிக் கிடந்த கற்களை எடுத்து அடுக்குவது, ஒட்டியிருக்கும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பது பெண்கள் வேலை. சிமெண்டுத் தண்ணீரில் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்துபோகும்.

"அஞ்சு மாசம் ஆம்பளயத் தனியா விட்டா அப்படித்தான்" என்றாள் கூட வேலை பார்க்கும் மீனம்மாள். "நீ எதுக்கும் போனப் பாத்து வையி."

"பிள்ளைக்கு முடியாமக் கெடக்கையில அப்படியெல்லாம் நெனப்பு போகுமா மதினி?"

"போகாதுன்னு நீ சொல்ற. அப்பறம் ஏன் இந்தக் கண்ணாடியப் போட்டு இந்த முறுக்கு முறுக்குற? ஒடஞ்சா சம்பளத்துல புடிப்பாக. பிடிக்கலயா, அவ நம்பரப் பிளாக்குல போட்டுவிடு. எம் மக காமிச்சுக் குடுத்தா. ரெண்டு அமுக்கு, தீந்துச்சு."

எப்படி அமுக்குவது என்று அனுசுயா கேட்டுக்கொண்டாள்.

அன்று சாயந்திரம் கீர்த்தி தன் கையில் ஊசி போட்ட இடத்தைத் தடவிக்கொண்டே சும்மா சொன்னாள். "எனக்கு ரத்தம் கொறஞ்சு போச்சும்மா ஒருதடவ. விக்கியம்மாதான் குடுத்தாக. இப்ப எனக்குள்ள விக்கியம்மா ரத்தம் ஓடுது."

அனுசுயா வேல்பாண்டியைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"நெசமா?"

"ஆமா. அவுக குரூப்பும் பிள்ள குரூப்பும் ஒண்ணு. அவசரத்துக்கு ஆள் கெடைக்கல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பச்சப்பிள்ளயத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறிருப்ப. பால் குடுக்குறவகிட்ட ரத்தம் எடுக்க மாட்டாக. வந்து என்ன செஞ்சிருப்ப?"

"அஞ்சு மாசமா தெனமும் போன்ல என்ன சொன்னீக? 'நல்லாருக்கா, சாப்பிட்டா, தூங்குறா.' வேற ஒரு வார்த்த சொல்லிருக்கீகளா? எல்லாத்தையும் அவகிட்டச் சொல்லிட்டு எனக்கு மிச்சத்தத்தான் அனுப்பிருக்கீக."

"கத்தாத. பிள்ள முழிச்சிருக்கு."

"அங்க வச்சு அழுதீகளா?"

வேல்பாண்டி கிணற்றுக் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "அழுதேன்" என்றான்.

"அவ முன்னாடி."

"ஒங்கிட்ட அழுதா, நீ யாருகிட்டப் போயி அழுவ அனு?"

"நான் தொட்டித் தண்ணிக்குள்ள கைய விட்டுக்கிட்டு அழுதேன். கேக்க நாதியில்ல" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். அவன் யாரையாவது தொட்டான் என்று கேள்விப்பட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்று அவளுக்குத் தோன்றியது. கட்டின நாளிலிருந்து அவன் கண்ணில் தண்ணீர் வந்து அவள் பார்த்ததில்லை. அதை முதலில் பார்த்தவள் இன்னொருத்தி.

மறுநாள் காலையில் வேல்பாண்டி மாத்திரை வாங்கக் காரைக்குடிக்குப் போனான். அவன் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. அனுசுயா வேலைக்குப் புறப்படுகிற நேரம் அது அடித்தது. அந்தப் பேர்தான்.

"கீர்த்தியப்பா" என்றது மூச்சு வாங்குகிற குரல்.

"கீர்த்தியம்மா பேசுறேன்."

"அக்கா... அவுக இருக்காகளா?"

"எவுக?"

"இல்லக்கா, அவுககிட்ட ஒரு அவசரம், விக்கிக்கு..."

"ஒம் பிள்ளைக்கு ஒண்ணுன்னா ஒம் புருசனக் கூப்பிடு. எம் புருசன என்ன ஒனக்குப் பட்டா போட்டுக் குடுத்துருக்கா? இனிமே இந்த நம்பருக்குக் கூப்பிட்ட, மரியாத கெட்டுப் போகும்."

வைத்துவிட்டு, மீனம்மாள் சொன்னபடி இரண்டு அமுக்கு அமுக்கினாள். அன்று பட்டறையில் கற்களை அடுக்கும்போது மனசு லேசாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மத்தியானம் மீனம்மாளோடு சிரித்துப் பேசிக்கொண்டு சாப்பிட்டாள்.

வீடு திரும்பியபோது வேல்பாண்டி சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். தோளில் பை.

"விக்கிக்கு ரத்தத்துல தட்டணு எறங்கிப் போச்சு. மூக்குல வாயில ரத்தம். எனக்கும் அவனுக்கும் ஒரே குரூப்பு, முந்தியே ஒருதடவ குடுத்துருக்கேன். காலையில இருந்து கூப்பிட்டுருக்காக, போகல. இப்பத்தான் வார்டு சிஸ்டர் போன்ல இருந்து பேசுனாக." அவன் நிறுத்தினான். "கீர்த்தி சொன்னா, அம்மா விக்கியம்மாவ வஞ்சுச்சுன்னு."

"எனக்குத் தெரியாது. இதுக்குத்தான்னு அவ சொல்லல."

"சொல்ல விட்டியா?"

"திட்டவாவது செய்யிங்க."

"நேரமில்ல. பஸ்ஸு போயிரும்."

"பிள்ளைக்கு என்ன செய்யணும், எப்ப மாத்திரை..."

"எல்லாம் கீர்த்திக்கே தெரியும். கேட்டுக்க."

அதைவிட அவள் கன்னத்தில் ஒன்று வைத்திருக்கலாம். பெற்றவள், ஏழு வயதுப் பிள்ளையிடம் கேட்டு அதற்கு மாத்திரை கொடுத்தாள். கீர்த்தியும் டீச்சர் மாதிரி விரலை நீட்டி, வெள்ளை முதலில், மஞ்சள் அப்புறம் என்று சொல்லிக்கொடுத்தது.

ஆனாலும் அன்றைக்கு ராத்திரி பிள்ளை அவளுக்கே அவளுக்கு. சின்னவனுக்கு மூக்கொழுகல் என்று வேல்பாண்டி கீர்த்தியை உள்ளறையில் தனியாகத்தான் படுக்கவைப்பான், தம்பியைத் தொடக்கூட விடமாட்டான். "தம்பிக்குப் பக்கத்துல படுக்கவாம்மா?" என்று அது கேட்டபோது அனுசுயாவுக்கு மறுக்க மனம் வரவில்லை. இரண்டு பேரையும் இரண்டு பக்கமும் அணைத்துக்கொண்டு படுத்தாள். மொட்டைத்தலை ஒரு தோளில், சின்னவன் மூச்சு ஒரு தோளில். ஐந்து மாதம் கழித்து அன்றுதான் அவள் அடித்துப்போட்டதுபோலத் தூங்கினாள்.

விடிந்து பார்த்தால் கீர்த்தியின் உடம்பு கொதித்தது. கண் சிவந்து, உதடு காய்ந்து, போர்த்திக்கொண்டும் நடுங்கியது. அனுசுயா தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, சின்னவனுடைய காய்ச்சல் மருந்தை எடுத்து மூடியைத் திறந்தாள்.

"அம்மா, கேக்காமக் குடுக்கக் கூடாது" என்றாள் கீர்த்தி பல் கிட்டிக்க.

வேல்பாண்டிக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. இன்னொரு தடவை. மறுபடியும்.

"அப்பா ரத்தம் எடுக்குற மிஷின்ல கைய நீட்டிக்கிட்டு இருப்பாரு. எடுக்க முடியாது" என்றது பிள்ளை. "விக்கியம்மாவக் கூப்பிடும்மா. எனக்கு நம்பர் மனப்பாடமாத் தெரியும். தொலஞ்சு போனா சொல்லணும்னு சொல்லிக் குடுத்தாக."

"என் நம்பர்?"

கீர்த்தி யோசித்தது. "அது தெரியாதே" என்றது.

பிள்ளை சொல்லச் சொல்ல அனுசுயா தன் போனில் ஒவ்வொரு எண்ணாக அமுக்கினாள். எடுத்ததும் என்ன சொல்வது, எப்படி மன்னிப்புக் கேட்பது என்று யோசித்துக்கொண்டே இருந்தாள். "நான் கீர்த்தியம்மா" என்று மட்டும் வந்தது.

"காச்சலா?" என்றாள் அக்கம்மாள்.

"ஆமா."

"எம்புட்டு?"

"நூத்தியொண்ணுக்கு மேல."

"மருந்து எதுவும் குடுத்துட்டீகளா?"

"இல்ல."

"குடுக்காதீக. தெர்மாமீட்டர அக்குள்ள வச்சுப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்காதீக, இப்பவே வண்டியப் புடிங்க. வெதுவெதுப்பா துணியப் பிழிஞ்சு தொடச்சுக்கிட்டே வாங்க. வாசல்ல சீட்டுப் போடுற வரிசையில நிக்க வேணாம். நான் சிஸ்டர்ட்டச் சொல்லி வைக்கிறேன். பெட்டு இல்லன்னு சொன்னாலும் அசையாதீக. கேக்குதா?"

"கேக்குது."

"பயப்படாதீக. இது வரும். கெளம்புங்க விரசா."

பக்கத்துத் தெரு காளிராஜின் வாடகைக் காரில் அவளும் கீர்த்தியும் ஏறினார்கள். சின்னவன் பொன்னுத்தாயி இடுப்பிலிருந்து கைநீட்டி அலறினான். வண்டி திருப்பத்தூர் தாண்டும்போது பால் கட்டி ரவிக்கை நனைந்தது. மடியில் ஒரு பிள்ளை எரிய, வீட்டில் ஒரு பிள்ளை பசிக்க, புடவையை இழுத்து மூடிக்கொண்டாள். மேலூர் வந்தபோதுதான், அந்தப் பையன் எப்படி இருக்கிறான் என்று தான் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பது உறைத்தது. கேட்டிருந்தால்தான் என்ன, மனசாரக் கேட்டிருப்பேனா என்றும் ஒரு நினைப்பு வந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, முகமூடி கட்டின ஒரு பெண் சக்கர நாற்காலியோடு நின்றாள். கறுத்து, ஒடிசலாக, முன்தலையில் நரை. முழங்கை எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. கீர்த்தி, "விக்கியம்மா" என்று முனகியது. இவளா, என்று அனுசுயாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வரைந்துவைத்த முகத்தை வைக்க அங்கே இடமே இல்லை. பொறாமைக்கு ஒரு அழகிகூட மிஞ்சாமல் போனது அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

ரத்தம் எடுத்து, ஊசி ஏற்றி, மத்தியானத்துக்குள் மருந்து ஏற ஆரம்பித்தது. முழங்கையில் பஞ்சு ஒட்டிய பிளாஸ்திரியோடு வேல்பாண்டி ஓடிவந்தான். மூக்கொழுகின பிள்ளையோடு சேர்த்துப் படுக்கவைத்ததை அனுசுயா தானாகவே டாக்டரிடம் சொன்னாள். "அதனாலதான்னு சொல்ல முடியாதும்மா. ஆனா செய்யாதீங்க. நேரத்துக்குக் கொண்டு வந்தது நல்லது" என்றார் அவர். வேல்பாண்டி அவளை ஒரு பார்வை பார்த்தான். சாயந்திரம் காய்ச்சல் இறங்க ஆரம்பித்தது.

வார்டுக்கு வெளியே குழாயடியில் அக்கம்மாள் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். அனுசுயா போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"விக்கி எப்படி இருக்கான்?"

"ரத்தம் நின்னுருக்கு, ஒங்க வீட்டுக்காரரு புண்ணியத்துல." அவள் டம்ளரைக் கவிழ்த்தாள். "ஆனா சீக்கு திரும்ப வந்துருச்சுன்னு சொல்லிட்டாக. முதல்ல இருந்து ஆரம்பிக்கணுமாம்."

"நான் நேத்துப் பேசுனது..."

"கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன். நேத்து மத்தியானம் பூராம் ஒங்கள வஞ்சுக்கிட்டுத்தான் இருந்தேன். பிள்ள ரத்தத்தத் தொடைக்கத் தொடைக்க வஞ்சேன்."

அனுசுயா அதை வாங்கிக்கொண்டாள். பிறகும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அவுக ஒங்க முன்னாடி அழுதாகளா?"

"அழுதாக. நானும் அழுதேன். அவுக அந்தச் செவத்தப் பாத்துக்கிட்டு, நான் இந்தச் செவத்தப் பாத்துக்கிட்டு. முடிஞ்சதும் எந்திரிச்சுப் போயி அரிசி கழுவுவேன்."

"எனக்கு அது பொறுக்கல."

"தெரியும். கொரல்லயே தெரிஞ்சுச்சு." அக்கம்மாள் குழாயை இறுக மூடினாள். "எனக்கும் பொறுக்காமத்தான் கெடந்துச்சு. கீர்த்திக்கு ரத்தம் குடுத்தவ நாந்தான். ஆனா அதுக்கு ஒவ்வொரு தடவ ரத்தக் கவுண்ட் ஏறும்போதும் எனக்கு வயிறு எரியும். ஒங்க பிள்ளய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு டாக்டர் சொன்னாரு பாருங்க, அன்னைக்கு நான் பாத்ரூமுக்குள்ள போயி நின்னுக்கிட்டேன். சிரிச்சு வழியனுப்ப மூஞ்சி வரல. ஒங்க வீட்டுக்காரருக்கு அது தெரியாது. சொல்லிராதீக."

அந்த எரிச்சல் எப்படி இருக்கும் என்று அனுசுயாவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கழுவின டம்ளர்களில் இரண்டை அவளும் எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தாள்.

இருட்டும் முன் வேல்பாண்டி சொன்னான், "காளிராஜ் வண்டி நிக்கிது. நீ போ. சின்னவன் அழுவான். நான் இருக்கேன்."

"நீங்க போங்க. நான் இருக்கேன்."

"பாலு?"

"பவுடர் கரைச்சுக் குடுங்க. ரெண்டு நா அழுவான், பழகிருவான்."

"ஒனக்கு இங்க ஒண்ணுமே தெரியாதே அனு."

"விக்கியம்மா இருக்காக. கேட்டுக்கிறேன்" என்றாள். சொல்லும்போது நாக்கில் கசந்தது. கசந்தாலும் சொன்னாள். "மறுபடித் தட்டணு வேணும்னா கூப்பிடுவாக. அடுத்த பஸ்ஸுல ஏறி வாங்க. அழுகை வந்தா எனக்குப் போன் போடுங்க. நான் யாருகிட்டப் போயி அழுவேன்னு நீங்க கணக்குப் பாக்க வேணாம்."

வேல்பாண்டி கீர்த்தியின் காலைத் தொட்டான். ஜன்னலோரக் கட்டிலில் விக்கி தூங்கிக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் அக்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். "வரேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அவன் நடந்தான்.

வார்டு வாசலில் காலடிச் சத்தம் நின்றது. திரும்பிப் பார்க்கிறான் என்று அனுசுயாவுக்குத் தெரிந்தது. யாரைப் பார்க்கிறான் என்று நிமிர்ந்து பார்த்துவிட அவள் உடம்பெல்லாம் துடித்தது. அவள் நிமிரவில்லை. குனிந்து, கீர்த்தியின் நெற்றியில் கையை வைத்துச் சூடு இருக்கிறதா என்று பார்த்தாள்.